அந்த முப்பது எதுக்கு?

எழுபதுக்கு முப்பது என்று சொல்லும்போது வக்கீலின் முகத்தில் ஒரு பூரிப்பு தெரிந்தது பாருங்கள், அதைப் பார்த்ததும்தான் படகுக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கப்பல்காரர்கள் சமாதானத்துக்கு வந்துவிட்டார்களாம். நடந்த மோதலில் எழுபது பங்கு தவறு தங்களுடையது என்று ஒப்புக்கொள்கிறார்களாம். மிச்சம் முப்பது பங்கு படகின் மேல். போன படகுக்கும் போன உயிருக்கும் சேர்த்து நஷ்டம் எவ்வளவோ, அதில் முப்பது பங்கைக் கழித்துக்கொண்டு பாக்கியைக் கொடுத்துவிடுவார்களாம். இவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் மிச்சம்.

"அந்த முப்பது எதுக்கு?" என்று கேட்டாள்.

வக்கீல் பொறுமையாக விளக்கினார். கடலில் இரண்டு மோதிக்கொண்டால் தவறு முழுக்க ஒரு பக்கம் விழுவது அபூர்வம். இதெல்லாம் நஷ்டத்தைப் பிரிப்பதற்காகப் போடுகிற கணக்கு. மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது. அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அவர் வீட்டு ஆளா செத்துப் போனார்?

"கணக்கு இருக்கட்டும் சார். எங்க வீட்டுக்காரர் பேர்ல என்னன்னு எழுதுவாங்க?"

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படகோட்டி சுக்கானை விட்டு விலகியிருந்தார் என்று எழுதுவார்கள் என்றார். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, பின்பக்கம் குனிந்து சுத்தியலால் எதையோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். கப்பல் வருவதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் படகை நகர்த்தியிருக்கலாம். முப்பது அதற்குத்தான்.

படகுக்காரி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. சுக்கானை விட்டு விலகினாராம்! சோற்றைக்கூட முழங்கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிற மனிதர் அவர். அந்தச் சுக்கானைத் தன் சக்களத்தி என்று அவள் கேலி பண்ணாத நாளில்லை. அப்படிப்பட்டவர் நடுக்கடலில் எஞ்சினை அணைத்துவிட்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தார் என்று எவனோ எழுதுவான், அதன் கீழே அவர் பெண்டாட்டியே கையெழுத்துப் போட வேண்டுமா? முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

கூட வந்த தம்பி சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி பின்னாலேயே வந்தான். "அதை வாங்கிக்கலாம்க்கா" என்று படியிறங்கும்போது மெல்லச் சொன்னான். திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

படகுக்காரி என்பது துறைமுகம் வைத்த பேர். படகு புருஷன் பெண்டாட்டி இருவர் பேரிலும் இருந்தது. ஓட்டுவது அவர், டீசல் பிடிப்பது, வலை வாங்குவது, ஐஸ் கம்பெனிக்காரனிடம் சண்டை போடுவது எல்லாம் இவள். இவள் வந்தால் ஐஸ் வண்டிக்காரர்கள் தானாக வழிவிடுவார்கள். தம்பியைத் துறைமுகத்தில் எல்லோருக்கும் நீர்க்காக்கை என்றால்தான் தெரியும். தண்ணீரில் முங்கினான் என்றால் கரையில் நிற்கிறவர்களுக்கு மூச்சு முட்டும், அவனுக்கு முட்டாது. சின்னப் படகு, மாமாவும் மச்சானும் இரண்டே பேர்தான் கடலுக்குப் போவார்கள்.

மோதல் நடந்தது பட்டப்பகலில். மூடுபனி இல்லை, மழை இல்லை, கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. அசையாமல் நின்ற படகின் மேல் ஒரு சரக்குக் கப்பல் நேராக வந்து ஏறியது. படகு இரண்டாகப் பிளந்தது. கப்பல் வெகுதூரம் போய்த்தான் நின்றது. அவர்கள் இறக்கிய மீட்புப் படகில் தம்பி உயிரோடு வந்தான். வீட்டுக்காரரை அன்று சாயங்காலம் கொண்டுவந்தார்கள்.

நான் முன்பக்கம் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தேன், இடித்ததும் தூக்கி எறிந்துவிட்டது என்று தம்பி வாக்குமூலம் கொடுத்திருந்தான். மாமா எஞ்சினை ஏன் நிறுத்தினார் என்று கேட்டதற்குத் தெரியாது என்று சொல்லியிருந்தான். உடைந்த படகைத் தூக்கிப் பார்த்த சர்வேயரும் எஞ்சினில் கோளாறு இல்லை, அடியில் இருக்கும் விசிறியில் வலையோ கயிறோ சிக்கவில்லை, எஞ்சினில் சாவி மட்டும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆக, செத்தவர் தலையில் கட்டுவதற்கு எல்லாம் தோதாக அமைந்துவிட்டது.

மோதல் நடந்த நாளிலிருந்து தம்பி வீட்டில் இருக்கிற நேரத்தில் பாதி குளியலறையில்தான் இருந்தான். குழாய் திறந்திருக்கும், குளிக்கிற சத்தம் இருக்காது. முன்பும் அவன் உள்ளே போனால் லேசில் வரமாட்டான்தான். அப்போதெல்லாம் வீட்டுக்காரர் போய்க் கதவில் இரண்டு தட்டு தட்டுவார். "மேல வாடா, போதும்" என்பார். அது அவர்கள் படகுப் பாஷை. தண்ணீருக்கு அடியில் கத்தினால் கேட்காது, பலகையில் தட்டினால்தான் கேட்கும். இரண்டு தட்டு என்றால் மேலே வா. நிறுத்தாமல் அடித்தால் மேலே வராதே, இன்னும் ஆழத்துக்குப் போ என்று அர்த்தம். அந்த இரண்டாவதையும் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். இவள் யார் மேலாவது கோபத்தில் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் நேரம் தம்பி மாடிப்படி ஏறி வந்தால், மனிதர் சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் டக்டக்டக்கென்று விடாமல் அடிப்பார். தம்பி பாதிப் படியிலேயே திரும்பி ஓடிவிடுவான். இவளுக்கு அது புரிய ஒரு வருஷம் பிடித்தது. புரிந்த அன்று அந்தக் கரண்டியாலேயே இரண்டு பேருக்கும் விழுந்தது.

சமாதானம் முறிந்ததால் விசாரணை நடந்தது. நீளமான ஒரு கூடம். நடுவில் அடிப்பக்கம் தெரிகிற கண்ணாடித் தளம் போட்ட பெரிய மேஜை, அதன் மேல் கப்பல்கள் எப்படி வந்தன என்று நகர்த்திக் காட்ட மரத்தில் செய்த சின்னச் சின்னக் கப்பல்கள். நடுவராக உட்கார்ந்திருந்தவர் வயதானவர், பல வருஷம் கப்பல் ஓட்டியவர் என்று சொன்னார்கள். சரக்குக் கப்பலுக்கு ஒரு பொம்மையை எடுத்து வைத்தார்கள். படகுக்கு வைக்க அவ்வளவு சின்னதாகப் பொம்மை இல்லையாம். குமாஸ்தா தன் மேஜை இழுப்பறையைக் குடைந்து, பென்சில் எழுத்தை அழிக்கிற ஒரு ரப்பர் துண்டை எடுத்து வைத்தார்.

படகுக்காரி பெஞ்சில் முன்னால் நகர்ந்தாள். பதினைந்து வருஷ உழைப்பு அந்தப் படகு. ரப்பர் துண்டு! ஓரத்தில் யாரோ கடித்த பல் தடம் வேறு. எழுந்து ஏதாவது சொல்லிவிடப் போகிறாளே என்று வக்கீல் அவள் முழங்கையைத் தொட்டார். கையைத் தட்டிவிட்டாள்.

அன்று கப்பலின் இரண்டாம் அதிகாரியை விசாரித்தார்கள். மோதும்போது கப்பல் அவன் பொறுப்பில்தான் இருந்தது. முழுக்கைச் சட்டை, மழித்த முகம், தூக்கம் கெடாத கண்கள். படகைப் பார்த்தீர்களா என்றால் பார்த்தேன் என்றான். எப்போது என்றால் தூரத்திலேயே என்றான். பிறகு ஏன் விலகவில்லை?

"இந்தச் சின்னப் படகுகள் எப்பவும் கடைசி நேரத்துல நகர்ந்துடும் சார். இதுவும் நகர்ந்துடும்னு நினைச்சேன். பின்னாடி அறையில கொஞ்சம் எழுத்து வேலை இருந்தது, போயிட்டேன்."

என்ன ஒரு பேச்சு! காக்காயா குருவியா, கல்லெறிந்தால் பறந்து போக? படகுக்காரி பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வந்து பார்த்தபோது படகு மூக்குக்கு நேராக நின்றதாகவும், ஹாரன் அடித்துக்கொண்டே கப்பலைத் திருப்பப் பார்த்ததாகவும், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாகவும் அவன் சொன்னான்.

கப்பல்காரர்களின் வக்கீல் எழுந்து, படகோட்டி என்ன செய்துகொண்டிருந்தார் என்று நைசாக எடுத்துக்கொடுத்தார். பின்பக்கம் மண்டி போட்டுச் சுத்தியலால் பலகையை அடித்துக்கொண்டிருந்தார் என்றான் அதிகாரி. ஹாரன் கேட்டும் எழுந்திருக்கவில்லையா என்றார். அந்தக் கேள்விக்கு மட்டும் அவன் கொஞ்சம் தயங்கினான்.

"ஒரு தடவை நிமிர்ந்து எங்களைப் பார்த்தார் சார். குதிச்சிருக்கலாம், நேரம் இருந்தது. ஆனா மறுபடியும் குனிஞ்சு அடிக்க ஆரம்பிச்சுட்டார். நிறுத்தவே இல்லை. கடைசி வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருந்தார். எனக்கு அது புரியவே இல்லை."

படகுக்காரிக்குப் புரிந்தது.

கூடத்தில் மின்விசிறி ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. டக்டக்டக்கென்று தட்டில் கரண்டி அடிக்கிற சத்தம்தான் கேட்டது. மெல்லத் தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை பைக்குள் இருந்தது. காது மடல் சிவந்திருந்தது.

டீ குடிக்க இடைவேளை விட்டதும் அவன் சட்டைக் காலரைப் பிடித்து மாடிப்படித் திருப்பத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். டம்ளரோடு நின்ற இரண்டு பேர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு படிக்கட்டைத் தேடிப் போனார்கள்.

"நீ எங்கடா இருந்த?"

காலரை விடாமல் ஓர் உலுக்கு உலுக்கினாள்.

"கயிறு சுருட்டிக்கிட்டிருந்தேன்னு சொன்னியே, எந்தக் கயிறுடா? அவர் அடிச்சது யாருக்கு? வாயைத் திற."

"கீழ இருந்தேன்க்கா" என்றான். "விசிறியில வலை சுத்திக்கிச்சு. கத்தியோட இறங்கினேன். கடைசிச் சுத்தை அறுத்து முடிச்சேன், அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. நிறுத்தாம அடிச்சாரு. அப்படியே ஆழத்துக்குப் போயிட்டேன். மேல இருட்டிக்கிட்டு வந்துச்சு."

பிறகு பையிலிருந்து கையை எடுத்து விரித்தான். அதில் படகுச் சாவி இருந்தது. ஓட்டை போட்டுக் கோத்த நைலான் கயிறு இன்னும் அதிலேயே இருந்தது.

அவளுக்கு எல்லாம் ஒன்றாய் விளங்கியது. விசிறியைச் சுத்தம் பண்ண ஆள் இறங்கினால் சாவியை அவன் இடுப்பில் கட்டி அனுப்புவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம். மேலே இருப்பவன் மறந்துபோய் எஞ்சினைக் கிளப்பிவிட்டால் கீழே இருப்பவன் துண்டு துண்டாகிவிடுவான் அல்லவா, அதனால். மேலே இருப்பவன் சுக்கானுக்குப் போக மாட்டான். போனாலும் பிரயோஜனம் இல்லை. பின்பக்கம் குனிந்து, இறங்கியவனைப் பார்த்தபடியே இருப்பான். அவர் அதைத்தான் செய்திருக்கிறார். சாவி தண்ணீருக்கு அடியில் இருந்தது. அவர் எதை வைத்துப் படகை நகர்த்துவார்?

"ரெண்டு தட்டு தட்டியிருந்தா நான் சாவியோட மேல வந்திருப்பேன்க்கா" என்றான் தம்பி. "எஞ்சின் கிளம்பியிருக்கலாம். தப்பிச்சிருக்கலாம். இல்லைன்னா நான் கப்பலுக்கு அடியில போயிருப்பேன். மாமா ரெண்டு தட்டு தட்டல. இதைச் சொன்னா நீ என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு நினைச்சேன்."

ஓங்கி ஓர் அறை விட்டாள். அவன் நகரவில்லை. இரண்டாவது அறைக்குக் கை தூக்கியபோதுதான் வக்கீல் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். சாவியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதைக் கவனித்துவிட்டாள். அப்படியானால் இவருக்கும் தெரியும்.

தெரியும்தான். தம்பி முதல் நாளே அவரிடம் உண்மையைக் கொட்டியிருக்கிறான். வெளியே விடாதே என்று சொன்னவர் அவர். எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான் என்று ஆரம்பித்தார். நகர முடியாமல் நிற்கிற படகு கம்பத்தில் இரண்டு கறுப்புப் பந்தை ஏற்றி வைக்க வேண்டும், தூரத்தில் வருகிறவனுக்கு அது அடையாளம், ஏற்றினார்களா? இல்லை. கண்காணிக்கத் தனியாக ஓர் ஆள் இருந்தானா? அதுவும் இல்லை. தெரிந்தே படகைக் கட்டிப்போட்டு நின்றீர்கள் என்று ஆகிவிடும். முப்பது நாற்பதாகும், ஐம்பதுகூட ஆகும். சாவி விஷயம் வெளியே வந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான் என்றார்.

"போனவருக்கு இனிமே எதுவும் வலிக்காதும்மா. பணம் வந்தா உங்களுக்குத்தானே."

"எனக்கு வலிக்குது சார்" என்றாள் படகுக்காரி. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று வக்கீலுக்குத் தோன்றியிருக்கும். "அவர் சுக்கானை விட்டுட்டு ஆணி அடிச்சாருன்னு ஊர் சொல்லும். அதைக் காசாக்கி நான் சாப்பிடணுமா?"

கறுப்புப் பந்து விஷயம் உண்மைதான். பந்தை ஏற்றுகிற நேரத்தில் வலையையே அறுத்துவிடலாம் என்பது துறைமுகத்தில் எல்லோரும் சொல்கிற பேச்சு. அவர்கள் படகில் அந்தப் பந்துகள் கயிற்றுக் குவியலுக்கு அடியில் கிடந்தன. ஒன்றைத் தம்பி மத்தியானத் தூக்கத்துக்குத் தலைக்கு வைத்துக்கொள்வான். அவளே பார்த்துச் சிரித்திருக்கிறாள். அது தப்புதான், ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்? செய்த தப்புக்கு ஐம்பது போடட்டும். செய்யாத தப்புக்கு ஒன்றுகூடப் போடக் கூடாது.

கோபம் அத்தோடு நிற்கவில்லை. போன மனிதர் மேலும் வந்தது. அவள் தம்பியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நிமிர்ந்து கப்பலைப் பார்த்த அந்த ஒரு நொடியில் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்தாரா? நினைத்திருப்பார். நினைத்துவிட்டுத்தான் குனிந்திருக்கிறார். பிறகு மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வா, சொல்லு" என்று தம்பியிடம் சொன்னாள்.

தம்பிக்குக் கூடத்தில் பேச்சு வரவில்லை. எங்கே இருந்தாய், எப்படி இருந்தாய் என்று நடுவர் கேட்கக் கேட்கத் திணறினான். கடைசியில் மேஜைக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். சாவியைப் பிடித்த கையைக் கண்ணாடிக்குக் கீழே கொண்டுபோய், மேலே இருந்த ரப்பர் துண்டுக்கு நேர் அடியில் வைத்தான்.

"நான் இங்க இருந்தேன் சார். சாவி என்கிட்ட இருந்துச்சு."

எல்லோரும் எழுந்து கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார்கள். ரப்பருக்குக் கீழே சாவி தெரிந்தது. பிறகு அவன் இன்னொரு கையை மேலே நீட்டி, விரல் முட்டியால் ரப்பருக்குப் பக்கத்தில் கண்ணாடியைத் தட்டத் தொடங்கினான். விடாமல் தட்டினான். போதும் என்று நடுவர் சொல்லும்வரை தட்டினான். இரண்டாம் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

கப்பல்காரர்களின் வக்கீல் சும்மா இருப்பாரா? கறுப்புப் பந்து, கண்காணிப்பு, எஞ்சினில் இல்லாத சாவி என்று பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். ஏற்றவில்லை, இல்லை, ஆமாம் என்று தம்பி எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டான். முன்பு கொடுத்தது பொய் வாக்குமூலம் என்றும் ஒப்புக்கொண்டான். நடுவர் கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டார். உன்னை மேலே கூப்பிட அவருக்கு நேரம் இருந்ததா?

"இருந்துச்சு சார். கூப்பிடல."

தீர்ப்பு வக்கீலின் அறைக்கு வந்தபோது அவர் அதை மேஜையில் தள்ளி வைத்தார். முப்பது நாற்பதாகிவிட்டது. கப்பலுக்கு அறுபது, படகுக்கு நாற்பது. நான் சொன்னேனே, கேட்டீர்களா என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"அந்த நாற்பது எதுக்குன்னு படிங்க" என்றாள் படகுக்காரி.

படித்தார். கறுப்புப் பந்து ஏற்றாததற்கும், ஒருவர் தண்ணீரில் இருக்கும்போது சுற்றிலும் கண்காணிக்க வேறு ஆள் இல்லாமல் கடலுக்குப் போனதற்கும் படகு உரிமையாளர் பொறுப்பு என்று இருந்தது. அவள் தலையாட்டினாள். உரிமையாளர்களில் மிஞ்சியவள் அவள்தான், அது அவள் மேல் விழட்டும். அடுத்த வரியையும் படிக்கச் சொன்னாள். படகோட்டி தன் இடத்தை விட்டு விலகவில்லை. தண்ணீருக்குள் இருந்தவரைக் காப்பாற்றுவதற்காகக் கடைசிவரை தன் இடத்திலேயே இருந்தார். அவர் மேல் தவறு எதுவும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

"இன்னொரு தடவை படிங்க."

படித்தார். இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாகப் படித்தார். அவள் பேனாவைக் கேட்டு வாங்கி, காட்டிய இடத்தில் எல்லாம் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள். எழுந்தபோது நாற்காலியைத் தானே சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தால் குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது, குளிக்கிற சத்தம் இல்லை. விசாரணை முடிந்த நாளிலிருந்து அவனோடு அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பொய் சொன்ன கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது, அது அவ்வளவு சீக்கிரம் போகிற கோபம் இல்லை. தீர்ப்புக் காகிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். இந்தப் பயல் இப்படியே தண்ணீரைத் திறந்துவிட்டால் தொட்டி காலியாகிவிடும் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே கதவுப் பக்கம் போனாள்.

கையைத் தூக்கியவள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு விரல் முட்டியால் கதவில் இரண்டு தட்டு தட்டினாள்.

உள்ளே குழாய் நின்றது.

"மேல வாடா" என்றாள். "போதும்."